ஒரு பெட்டி மட்டும்

கார் தூங்க நாற்பது நிமிடம் ஆகும்.
அதுவரை தொடக்கூடாது,
சாவியைப் பையில் வைத்துக்கொண்டு
பக்கத்தில் நடக்கக்கூடாது.
யோவித்தாவிடம் இதைச் சொன்னபோது
"என் மகனும் இப்படித்தான்" என்றாள்.

கௌனாஸில் பிப்ரவரி. பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது.
பட்டறையின் தகரக் கதவில்
உறைபனி உள்பக்கமும் பூத்திருந்தது.
மூன்று வாரத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டாள்.
மூன்றாவதும் இன்று காலை செத்துக் கிடந்தது.
விற்றவன் குளிரைக் குறை சொன்னானாம்.
குளிர் எல்லாக் கார்களுக்கும் பொது.

கதவுப் பூட்டின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் மடக்கினேன்.
கதவு ஆவென்று திறந்திருக்கிறது;
மூடிவிட்டதாகக் கார் நம்புகிறது.
என் தொழிலில் பாதி இந்த மாதிரிப் பொய்கள்.

உள்ளே எத்தனை கணினி என்று கேட்டாள்.
இந்த மாடலில் நாற்பத்திரண்டு பெட்டி.
எஞ்சினுக்கு ஒன்று:
எவ்வளவு டீசல், எந்தக் கணத்தில் என்று
ஓயாமல் கணக்குப் போடுவது.
பிரேக்குக்கு ஒன்று:
நான்கு சக்கரத்தின் நாடியையும் பிடித்தபடி
எது வழுக்கப்போகிறது என்று பார்ப்பது.
இருக்கையின் சூட்டுக்கென்றே ஒன்று,
அதற்கு வேறு வேலை கிடையாது.

முறுக்கிய இரண்டு கம்பி. அதில்தான் அத்தனை பேச்சும்.
இன்னாருக்கு என்று யாரும் சொல்வதில்லை;
சொல்லிவைப்பார்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்.
இருவர் ஒரே கணத்தில் வாய் திறந்தால்
சிறிய எண்ணுக்காரர் தொடர்வார்,
பெரிய எண் பாதிச் சொல்லிலேயே அடங்கிவிடும்.
பிரேக்கின் எண் சிறியது.
ரேடியோவின் எண் பெரியது.
"சண்டை வராதா?"
இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை.

மீட்டரில் எண் இறங்கத் தொடங்கியது.
நான்கு ஆம்பியர். இரண்டு.
எங்கோ ஒரு ரிலே டக்கென்றது:
கதவுகள் கண்ணயர்ந்தன.
ஒன்று. கூரை விளக்கும் போனது.
அப்புறம் நின்றுவிட்டது,
பூஜ்யம் புள்ளி மூன்று ஏழில்.
பத்து நிமிடம். இருபது நிமிடம். அங்கேயே.

யாரோ விழித்திருக்கிறார்கள்.

ஃபியூஸைப் பிடுங்கிப் பார்ப்பது அவசரக்காரர் வழி;
செருகும்போது எல்லோரும் எழுந்துவிடுவார்கள்.
ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டு ஊசிமுனை வைத்து
மூச்சு இருக்கிறதா என்று பார்த்தேன்.
முப்பத்தொன்றில் இருந்தது.

விபத்தென்றால் தானாகவே உதவிக்கு அழைக்கும் பெட்டி.
அது பழகிய அலைவரிசையை நிறுத்திவிட்டார்கள்.
அதற்கு யாரும் சொல்லவில்லை.
கோபுரத்தைக் கூப்பிடுகிறது,
கொஞ்சம் பொறுக்கிறது,
மறுபடி கூப்பிடுகிறது.

யோவித்தா காபிக் கோப்பையை பெஞ்சில் வைத்தாள்.
அவளுக்கு அவசர உதவி எண்ணில் வேலை, இரவு முறை.
பத்து நொடிக்குள் எடுத்தாக வேண்டுமாம்.
"எத்தனை நாளாய்க் கூப்பிடுகிறது?"
நவம்பரிலிருந்து இருக்கலாம்.
"என்ன சொல்கிறது?"
ஒன்றும் சொல்லவில்லை.
இருக்கிறாயா என்று கேட்கிறது, அவ்வளவுதான்.
"எங்களுக்கும் வரும்" என்றாள்.
"பேசமாட்டார்கள். ஆனால் வைக்கவும் மாட்டார்கள்."

நீல ஃபியூஸ், பதினைந்து ஆம்பியர்.
பிடுங்கியதும் மீட்டர்
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டுக்கு வந்து படுத்துக்கொண்டது.

"இனி நான் பள்ளத்தில் விழுந்தால்?"
கார் யாரையும் கூப்பிடாது.
இதுவரையும் கூப்பிட்டிருக்காது.
அவள் கையை நீட்டினாள்.
ஃபியூஸைக் கொடுத்தேன்.
கோட்டுப் பைக்குள் கைபேசியோடு போட்டுக்கொண்டாள்.
ஒன்பது மணிக்கு வேலை.

ரசீதில் 'மின்கசிவு, நாற்பது யூரோ' என்று எழுதினேன்.
கசிவு என்ற சொல் உறுத்தியது.
படிவத்தில் வேறு சொல் இல்லை.

பூட்டின் நாக்கை விடுவித்தேன்.
கதவு திறந்திருப்பது அப்போதுதான் தெரிந்து
நாற்பத்தொரு பெட்டியும் விழித்துக்கொண்டன,
எல்லா விளக்கும் ஒன்றாக.