மாரியில் திருமலை

எங்களுக்குக் குளிர்காலம் வைகாசியில் வரும்,
பெட்டி பெட்டியாக, பஞ்சு வைத்த கைகளோடு,
நாங்கள் பார்க்காத பனிக்கென்று அளவெடுத்து.
இரணைமடு வரண்டு கிடக்கும்.
கழுத்தில் வேர்வை வடிய
தொப்பிகளுக்கு ஓரம் அடிப்போம்,
மணிக்கு நாற்பத்தைந்து தொப்பி.

எங்கள் சொந்தக் குளிர் மார்கழிக்கு.
நத்தாருக்கும் புதுவருசத்துக்கும் இடையில்
ஐந்து நாள் மெசின்கள் மூடிக் கிடக்கும்.
அதில் மூன்று நாள் திருகோணமலைக்கு என்று
சாப்பாட்டு அறையில் முடிவெடுத்தோம்:
நான், செல்வமலர், பிறேமினி.
கணக்குக் கொப்பி என்னிடம்.

'மாரியில ஆராவது திருமலைக்குப் போவினமே?'
வான் ஓட்டுகிற குகநேசன் சிரித்தார்.
புறாத்தீவுக்குப் படகு விடமாட்டார்கள்.
நிலாவெளியில் கால் நனைத்தால்
கடல் காலையே கேட்கும்.
'திமிங்கிலம் பாக்கிறதெண்டால் ஆனியில போங்கோ.'
ஆனியில்தான் எங்கள் குளிர்காலம் உச்சத்தில் நிற்கும்,
லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகத்தில் பனி கொட்டும்.

சரி, இல்லாததை எல்லாம் வெட்டினேன்.
மிஞ்சியது:
கன்னியாவில் ஏழு கிணறு, ஏழு சூடு,
மழைக்குள் நின்று வெந்நீர் அள்ளி வார்க்கலாம்.
கோட்டை வாசலில் மான்கள்.
சோற்றுப் பார்சலைக் கடதாசியோடு தின்னுமாம்,
செல்வமலரின் மச்சாள் சொன்னது.
பிறகு, துறைமுகத்தில் நிற்கிற கப்பல்.
எங்கள் பெட்டிகளை ஏற்றுகிற கப்பல் அங்கே வராது,
அது கொழும்பு.
இருந்தாலும் ஒரு கப்பல்
சும்மா நிற்பதைப் பார்க்கவேண்டும்.

முல்லைத்தீவுக் கரையாலே நேரே நடந்தால்
இந்தா கிடக்கிறது திருமலை.
கொக்கிளாயில் களப்பு வாய் திறந்து கிடப்பதால்
பஸ் எங்களை வவுனியாவில் இறக்கி,
இன்னொரு பஸ் ஹொரவப்பொத்தானையால் சுற்றி,
விடிய ஐந்து பத்துக்கு ஏறினால்
மத்தியானச் சோற்றுக்குப் போய்விடலாம்.
பிறேமினிக்குப் பஸ்ஸில் சத்தி வரும்,
தேசிக்காய் இரண்டு என்று எழுதினேன்.

அப்போதுதான் அவள் சொன்னாள்,
தண்ணிப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டு:
'நான் முந்திப் போனனான். கப்பலில.'

எந்த வருசம் என்று நாங்கள் கேட்கவில்லை.
கப்பலில் போன வருசம் இங்கே ஒன்றுதான்.
அவளுக்கு அப்போது பதின்மூன்று.
படுத்தபடி ஏற்றி, படுத்தபடி இறக்கி,
நாற்பது நாள் ஒரே கட்டில்.
'கடலும் தெரியாது, கோயிலும் தெரியாது.
ஒரு ஃபான் தெரியும்.
மூண்டு தகடு, அதில ஒண்டு வளைஞ்சது.'

மணி அடித்தது.
அன்று பின்னேரம் என் தொப்பிகளில் ஆறு
திரும்பி வந்தன, தையல் கோணலென்று.

விடுதிக்கு நான்தான் போன் எடுத்தேன்.
'ஏசியா, நொன் ஏசியா?'
'ஃபான் இல்லாத அறை இருக்கா?'
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது.
'தங்கச்சி, பூட்டின ஃபானைக் கழட்டேலாது.
சுவிச்சைப் போடாமல் விடுங்கோ.'
போடாமல் விட்டாலும் தொங்கும்தானே.
மேல்மாடி, மூன்று கட்டில், நாலாயிரத்து ஐந்நூறு.
கட்டிலை எந்தப் பக்கம் இழுக்கலாம் என்று
போய்த்தான் பார்க்கவேண்டும்.

இன்று கார்த்திகைக் கடைசி.
வான்கதவு இரண்டு திறந்தாயிற்று.
கண்டாவளை றோட்டில் தண்ணி ஏறினால்
செல்வமலர் வெளியே வரமாட்டாள்.
ஆகவே முதல்நாளே அவள் என் வீட்டில் படுப்பது,
விட்டால் அழுவான் என்று மகனும்,
அரை டிக்கெட்.

பிறேமினி தனக்கென்று ஒன்றுதான் எழுதச் சொன்னாள்:
ஆஸ்பத்திரி வாசலால் நடந்து போகவேண்டும்.
உள்ளுக்கு வேண்டாம்.
எதிரில் கடை இருந்தால் நின்று ஐஸ்கிறீம்.
'மழையிலயோ?' என்றாள் செல்வமலர்.
'ஓம், மழையில.'

விலை தெரியாது.
நூற்றைம்பது என்று போட்டு வைத்தேன்,
பெடியனையும் சேர்த்து நாலு.