மூன்று புள்ளி

ராத்திரி அப்டேட்டைப் போட்டுவிட்டுத் தூங்கினேன்.
காலையில் இருநூற்றுப் பதினான்கு டெஸ்ட் சிவப்பு.
ஒரு வரிகூட நான் மாற்றவில்லை.

மஞ்சக்குப்பத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ்:
இரண்டு மேஜை, ஒரு மேக்,
கரண்ட் போனால் இருபது நிமிடம் தாங்கும் யுபிஎஸ்.
கீழே யாருடைய வருமானச் சான்றிதழோ
பச்சை வெளிச்சத்தில் படுத்து எழுகிறது.
மூலமும் நகலும் ஒன்றுதானா என்று
அங்கே யாரும் பிக்சல் எண்ணுவதில்லை.

நான் எண்ண வேண்டும்.
இடப்பக்கம் பழைய படம், வலப்பக்கம் புதுசு,
நடுவில் வித்தியாசம் மட்டும் ரோஜா நிறத்தில்.
கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தால்
'ணை'யின் கொம்பு வளைகிற இடத்தில்
ஒரு சாம்பல் கட்டம் அரை அடி தள்ளி நிற்கிறது,
பந்தியில் யாருக்கோ இடம் விட்டதுபோல.

சிமுலேட்டரைப் பழைய மாடலுக்கு மாற்றினேன்.
சேர்ந்துகிடந்த குப்பையைத் துடைத்தேன்.
மீண்டும் ஓட்டினேன்; டீ ஆறி ஆடை கட்டியது.
அறுபத்தொன்று.
தமிழ் எழுத்தின் வரி உயரம்
யாரும் சொல்லாமல் கொஞ்சம் கூடியிருக்கிறது.

கலியவரதன் புதுச்சேரியிலிருந்து கூப்பிட்டார்,
பின்னால் பஸ் ஹாரன்.
"எல்லாத்தையும் புதுசா ரெக்கார்டு பண்ணிடும்மா.
இல்லன்னா சகிப்பைத் தளர்த்திவிடு.
நூத்துக்கு ரெண்டு பிக்சல் போனா
கடல் வத்திடுமா என்ன?"

வற்றாது.
விரல் அந்தப் பட்டன்மேல்தான் இருந்தது.
ஏனோ ஒவ்வொன்றாகத் திறந்தேன்.
பதினொன்று, ஒன்றுமில்லை.
இருபத்தாறு, ஒன்றுமில்லை.
மீன் விலைப் பலகை, டீசல் கணக்கு, அலை உயரம்,
எல்லாம் மயிரிழை.

நாற்பத்து மூன்றாவது:
சின்ன போன், பெரிய எழுத்து.
தாழங்குடா மாசிலாமணிக்காக எழுதிய டெஸ்ட்.
"போட்ல கண்ணாடி போட முடியாதும்மா,
உப்பு படிஞ்சிடும். எழுத்தைப் பெருசாக்கிக் குடு" என்றார்.
பழைய படத்தில், சிவப்புப் பட்டையில்:
கடலுக்குப் போக வேண்டாம்
புதுப் படத்தில், அதே சிவப்பில்:
கடலுக்குப் போக…

நம் பேச்சில் மறுப்பு கடைசியில்தான் வரும்.
இடம் போதாவிட்டால்
முதலில் உதிர்வதும் அதுதான்.

வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்தேன்.
நூற்றுக்கு ஒன்றே முக்கால்.

பட்டை எத்தனை வரி வேண்டுமானாலும் வளரட்டும் என்று
ஒரு சுழியம் போட்டேன். அவ்வளவுதான் வேலை.
வார்த்தை இரண்டாம் வரியில் இறங்கி உட்கார்ந்தது.

இரண்டு படத்தையும் கலியவரதனுக்கு அனுப்பினேன்,
ஒன்றும் எழுதாமல்.
நீல டிக் விழுந்தது.
திரையின் ஓரத்தில் மூன்று புள்ளி
துள்ளியது, நின்றது,
மறுபடி துள்ளியது, நின்றேபோனது.

கீழே ஜெராக்ஸ் மெஷின் பேப்பர் சிக்கிக் கத்தியது.
மீதிப் பதினெட்டைத் திறக்க ஆரம்பித்தேன்.