தேவையற்றதை வெட்டிவிடுக

மல்லாகம் நீதவான் மன்றில்
மொழிபெயர்ப்பு முதலியார் நான்.
இருபத்திரண்டு வருசமாய்
ஒரே கேள்வியில் விடிகிறது எனக்கு:
"உங்கட சமயம் என்ன?"
கிறிஸ்தவர் என்றால் கறுப்பு மட்டைப் புத்தகம்.
மற்றவர்களுக்கு உறுதியுரை.
படிவத்தில் இரண்டும் அச்சாகிக் கிடக்கும்,
கீழே பொடியெழுத்தில்
தேவையற்றதை வெட்டிவிடுக.
வெட்டுவேன். அரை நொடி வேலை.

இன்றைக்குக் கூண்டில் ஏறினவ தவக்கிளி.
"ஞானஸ்நானத்துக்குப் பிறகு சாராள்" என்றா.
"அட்டையில உள்ளதுதான் மன்றுக்கு" என்றேன்.
புத்தகத்தை நீட்டினேன்.
கை நீளவில்லை.
"இதுக்குள்ளயே சத்தியம் பண்ணாதே எண்டு
எழுதிக் கிடக்கு ஐயா.
உள்ளதைச் சொல்லுறன். அது காணாதோ?"

நீதவான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
சட்டத்தில் அதற்கும் ஒரு கதவு இருக்கிறதாம்.
முதன்முறையாக ஒரு கிறிஸ்தவருக்கு
மற்ற வரியை வெட்டினேன்.
பேனை தடக்கியது.

ஒரு பரப்பு நாலு குழிக் காணி,
தகரக் கொட்டில்,
ஞாயிறு பத்து மணிக்கு ஒரு கைத்தாளம்.
பதிவில்லாத வழிபாட்டிடம்,
அயலின் அமைதிக்குப் பங்கம்:
சார்ஜன்ட் ஹேரத் சிங்களத்தில் வாசித்தார்.
அவர் 'ஆகம' என்றார், நான் 'சமயம்' என்றேன்.
எங்கள் மொழியில் ஆகமம் என்பது
கொடிமரத்துக்கும் மூலத்தானத்துக்கும் இடையே
எத்தனை முழம் என்ற கணக்கு.
சமயம் என்றால் நேரமும்தான்.
மதம் யானைக்கும் பிடிக்கும்.
எந்தச் சொல்லைத் தூக்கினாலும்
அடியில் இன்னொன்று ஊருகிறது.

அரசியலமைப்பில் ஒரு மதத்துக்கு முதன்மை இடம்.
அந்த இடம் எத்தனை பரப்பு என்று
ஒரு நில அளவையாளரும் சொன்னதில்லை.
அடுத்த உறுப்புரையிலேயே
எல்லாருக்கும் மனச்சாட்சி.

"முதல்ல எந்தக் கோயில்?"
அயலவரின் சட்டத்தரணி கேட்டார்.
"கோயிலுக்கு வெளியில."
"அதென்ன பதில்?"
"அப்பர் தேர்வடம் பிடிக்கக் கேட்டு
இந்தப் படியிலதான் ஏறினவர்.
தீர்ப்பு வந்தது.
அந்த வருசம் தேர் வரேல்ல."

ஹேரத்துக்கு அதைச் சிங்களத்தில் சொல்லும்போது
நாக்கு ஒட்டிக்கொண்டது.
அந்தக் கோயிலில் பொருளாளர் நான்.
திருவிழா பத்து நாளும் நாலு புனல் ஒலிபெருக்கி.
அனுமதிக் கடிதம் என் கையெழுத்து.

என் முன்னோரில் ஒருவர்
ஒல்லாந்தர் தோம்பில் டொன் பிலிப்பு.
முதலியார் உத்தியோகத்துக்குத் தலையில் தண்ணீர்.
விரதத்துக்குச் சாப்பிட்ட வாழையிலையைக்
கூரைக்குள் செருகி ஒளித்தவர் என்று
வீட்டில் பெருமையாய்ச் சொல்லுவோம்.
அது ஓலைக் கூரை.
தகரத்தில் எதைச் செருகுவது?

தங்கச்சியின் மகள் பாரிசுக்கு வெளியே வாத்திச்சி.
பள்ளி வாசலில் பிள்ளைகளின்
முக்காட்டைக் கழற்றச் சொல்வது
செவ்வாய்க்கிழமைகளில் அவளுடைய முறை.
"சட்டம், மாமா" என்று அனுப்பிய குரற்பதிவில்
பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சுகிறார்கள்.
இரண்டு தரம் கேட்டேன்.

தவணை அடுத்த மாதம் மூன்றாம் திகதி.

வேப்பமரத்தடியில் என்னை மறித்தா:
"ஐயா, அதுவரைக்கும் பாடலாமோ?"
உள்ளே ஒருவரும் கேட்காத கேள்வி.
கேட்காததை மொழிபெயர்க்க
எனக்கு அதிகாரம் இல்லை.
"இப்ப வாயை மட்டும் அசைக்கிறம்.
சின்னனுகளுக்குத்தான் ஏலுதில்லை."

வெயில்.
நெற்றியைத் துடைத்த லேஞ்சியில்
அரைவாசித் திருநீறு.
மடித்து, சட்டைப்பைக்குள் செருகினேன்.
உள்ளே அடுத்த வழக்கைக் கூப்பிடுகிறார்கள்.