கணக்குத் தலைப்பு

மார்கழி. இரவு ஒன்றே முக்கால்.
தேவகோட்டைப் பேருந்து நிலையத்தில்
ராமநாதபுரம் வண்டி நிற்குமிடத்தில் நிற்கிறேன்.
கையில் அட்டை, அட்டையில் படிவம்,
படிவத்தோடு சணல் கட்டிய பேனா.
நகராட்சிப் பேனா, திருப்பித் தர வேண்டும்.

ஆண்டுக்கொரு இரவு ஆள் எண்ணுகிறோம்.
ஐம்பது தேறினால் காப்பகத்துக்குப் பணம்.
நாற்பத்தொன்பது என்றால்
வந்த பணம் வந்த வழியே திரும்பிவிடும்.
போன வருஷம் முப்பத்தாறு.
டார்ச் வெளிச்சத்தைப் போலீஸ் என்று நினைத்து
பாதிப் பேர் எழுந்து ஓடிவிட்டார்கள்.
ஓடுகிறவரை எண்ணக் கூடாது.
படுத்திருக்க வேண்டும், அதுதான் விதி.

பூக்கடைப் பலகைக்கு அடியில் காத்தான்.
மூட்டை தூக்கி வலது தோள் இறங்கியவன்.
ஆதார் கேட்டேன்.
"மழையில ஊறிப்போச்சு சார்,
மூஞ்சி மட்டும் மேகம் மாதிரித் தெரியும்."
எழுதினேன்: உண்டு, தெளிவில்லை.

ஊருணிப் படியில் இரண்டு பேர்.
ஒருவர் தூங்க, மற்றவர்
இருவர் செருப்புக்கும் காவல்.

அடுத்த தெரு முழுக்க ஒரே வீடு.
முன்வாசல் கிழக்குத் தெருவில்,
பின்வாசல் மேற்குத் தெருவில்.
வரிக் கேட்புச் சீட்டு அனுப்புவது நான்தான்.
சிங்கப்பூரிலிருந்து ஒரு நாள் பிசகாமல்
பணம் வந்துவிடும், குறை சொல்ல முடியாது.
காவலாளி சூசை கேட்டுக்கு வெளியே
சாக்கை விரித்துப் படுத்திருந்தார்.
உள்சாவி அவரிடம் இல்லை.
"என்னையும் எழுதுவீகளா?"
எழுதினேன். பிறகு சந்தேகம் வந்து
மேலாளரைத் தூக்கத்தில் எழுப்பினேன்.
"சம்பளக்காரன் எப்படிய்யா வீடில்லாதவன்?"
கோடு போட்டு அடித்தேன்.

நாற்பத்தேழு.

மூடிய டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால்
ஒரு பெண், ஒன்பது வயதுப் பையன்.
அவன் தலைக்குப் பள்ளிக்கூடப் பை.
வெளிச்சம் பட்டதும் அவள் ஓடவில்லை.
கையால் பையன் கண்ணை மட்டும் மறைத்தாள்.

எனக்கு முன்பே அவள் அடையாளம் கண்டாள்.
பஞ்சவர்ணம். ஆவணி மாதம்
என் மேசைக்கு வந்த மனு.
இரண்டு மாத வாடகை பாக்கி, நாலாயிரத்து எண்ணூறு.
கட்டினால் வீடு நிலைக்கும்,
கட்டாவிட்டால் சாமான் தெருவுக்கு வரும்.

அப்படியொரு செலவுக்குக் கணக்குத் தலைப்பு கிடையாது.
பாய்க்கு உண்டு, போர்வைக்கு உண்டு,
தெருவில் செத்தால் அடக்கத்துக்கும் உண்டு.
தலைப்பொன்று கேட்டு மன்றத்துக்குக் குறிப்பு வைத்தேன்.
"விழாத ஆளைத் தூக்கிவிட நிதியா?"
என்றார் ஓர் உறுப்பினர். சிரித்தார்கள்.
நானும் கொஞ்சம் சிரித்தேன்.
அன்று வெள்ளைப் பணியாரம், சூடு ஆறவில்லை.
ஒத்திவைக்கப்பட்டது.

இப்போது அவள் கேட்டாள்,
கோபமாகக் கூட இல்லை,
ரேஷன் வரிசையில் கேட்பது போல:
"இப்ப நான் தகுதியா சார்?"

தகுதிதான், தாயே.
ஏழாவது பத்தி: எத்தனை நாளாக?
"எம் மனுவுல உங்க சீல் இருக்குல்ல,
அந்தத் தேதிக்கப்புறம்
பதினோரு நாள் தாங்குச்சு."
விரல் விட்டு எண்ணினேன்.
வலது கை முடிந்து இடது கைக்குப் போகையில்
பையன் புரண்டு படுத்தான்.
பைக்குள் டிபன் பாக்ஸ் சத்தம்.

நாற்பத்தொன்பது.

பெஞ்சில் உட்கார்ந்து
படிவத்தைப் பின்னோக்கித் திருப்பினேன்.
அடித்ததை மறுபடி எழுதினால்
பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும்,
நாளை கேள்வி வரும், விளக்கம் கேட்பார்கள்,
பதவி உயர்வுப் பட்டியல் வேறு பங்குனியில்.
சூசை என்று எழுதினேன்,
கோட்டுக்கு மேலே, கொஞ்சம் பெரிதாக.
ஒப்பம் வைக்கையில் மை திணறியது.
உதறி வைத்தேன்.

நாலு மணிக்கு முதல் வண்டி
பின்பக்கமாக வந்தது, விசில் ஊதியபடி.
காத்தான் எழுந்து பாயைச் சுருட்டினான்.
பஞ்சவர்ணம் பையனை எழுப்பாமல்
அப்படியே இரண்டடி இழுத்தாள்.
சக்கரத்துக்கு இடம் போதுமா என்று
நடத்துநர் எட்டிப் பார்த்தார்.
போதும் என்று கையைக் காட்டினேன்.