மூடி

என் இடது காதில் ஒரு வண்டு இருக்கிறது.
இரண்டு வருடமாக இரைகிறது.
முன்னால் நின்ற வண்டி வெடித்த மாலையில் குடியேறியது.
அந்த வண்டியின் நடத்துநர் ந்டெரிட்டு.
என்னிடம் சில்லறை தீரும்போதெல்லாம்
நோட்டை வாங்கி மாற்றித் தருவான்.
மருத்துவமனைச் சுவரில் ஒட்டிய தாளில்
அவன் பெயரை மட்டும் தேடினேன்.
அப்திரிஸாக், ஸஹ்ரா என்ற பெயர்களை
என் விரல் தாண்டிப் போனது.
தாண்டியதே அன்று தெரியவில்லை.

ஆகவே, பயம் பொய்யென்று
யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.
என் பயத்துக்கு ரசீது இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை. நைரோபியில் விடியல் மழை.
ஈஸ்ட்லி நிறுத்தத்தில் ஏறினாள் அவள்:
நனைந்த முக்காடு,
இடுப்பில் அணைத்த மஞ்சள் கேன்,
கேனைச் சுற்றி ஈரச் சாக்கு.
பதினாலு பேர் வண்டி எங்கள் மட்டாட்டு.
மடியில் மடி உட்காரும் நேரம்.
ஆனாலும் அவளைச் சுற்றி
மூன்று இருக்கைகள் எப்படியோ காலியாயின.

புகை நாற்றம் வருகிறது, என்றாள் ஒருத்தி.
நிறுத்து, இறக்கு, என்றார்கள்.
ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும்,
என்றார் பின்னிருக்கைப் பெரியவர், பைபிளை மூடாமலே.
நிறுத்தப் பேச்சில் அவள் ஆட்களுக்கு ஒரு பெயர் உண்டு.
அதையும் யாரோ சொன்னார்கள்.
நானாகவும் இருக்கலாம்.

வண்டு உச்சத்தில் இரைந்தது.
திற, என்றேன்.

நான் சொல்லி முடிக்குமுன்
அவள் விரல்கள் மூடியில் இருந்தன.
அதைத்தான் மறக்க முடியவில்லை.
கைக்குழந்தையின் சட்டைப் பொத்தானைப்போல,
பார்க்காமலே, பழகிய வேகத்தில்.
திறந்தாள்.
ஒட்டகப் பால். இசியோலோவிலிருந்து ராத்திரி லாரியில் வந்தது.
கெடாமலிருக்கக் கேனுக்குள் கரியால் புகை போட்டிருக்கிறார்கள்.
மூடியில் ஊற்றி
எல்லோரும் பார்க்க ஒரு மடக்குக் குடித்தாள்.
குழியில் வண்டி குதிக்க,
மீதி அவள் மடியில் கொட்டியது.
யாரும் துணி நீட்டவில்லை.
நானும்.

ரிவர் ரோட்டில் எல்லோரும் இறங்கினார்கள்.
கடைசியாக ஒருவர், டை கட்டியவர்,
இருக்கைக்கடியிலிருந்து ஒரு பையை இழுத்தார்.
கறுப்பு. அவளது கேனைவிடப் பெரிது.
கனம் தாங்காமல் முனகினார்.
நான்கூட ஒரு கை பிடித்து இறக்கினேன்.
"நன்றி, தம்பி," என்றார்.

உள்ளே என்ன இருந்தது?
இன்றுவரை எனக்குத் தெரியாது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.
சரி, அரண்டவன்தான் நான்.
அந்தப் பை மட்டும் ஏன் இருளவில்லை?
வண்டு அதற்கு ஏன் இரையவில்லை?
காதுக்குள் புகுந்தது இரும்பு.
இரும்புக்கு முக்காடு தெரியாது.
யாரைக் கண்டு இரைய வேண்டும் என்று
அதற்குப் பாடம் எடுத்தது வெடி அல்ல.
நிறுத்தத்தில் டீ குடித்தபடி நாங்கள் எடுத்தோம்,
சிரித்துக்கொண்டே, வருடக்கணக்காய்.

பெரியவரே, குடத்துப் பால் ஒரே பால்தான், ஒத்துக்கொள்கிறேன்.
ஆட்களை யார் ஐயா ஒரு குடத்தில் ஊற்றினது?

அன்று ராத்திரி, வண்டியைக் கழுவும்போது
இருக்கையில் காய்ந்திருந்தது வெள்ளை.
சுரண்டினேன். புகை வாசம்.
ந்டெரிட்டு உயிரோடிருந்தால்
என்ன செய்திருப்பான் என்று யோசித்தேன்.
அவனும் திறக்கச் சொல்லியிருப்பான் என்று பட்டது.
இறந்தவர்களை நல்லவர்களாக்குவது சுலபம்.

ஒன்பது நாள் அவள் வரவில்லை.
பத்தாம் நாள் ஏறினாள்.
பயந்தேனா? பயந்தேன்.
வண்டு அதன் வேலையைச் செய்தது.
இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்:
டை, முக்காடு, சீருடை, எதுவானாலும்
பெரிய சுமையென்றால் எல்லோரிடமும் ஒரே கேள்வி, ஒரே குரலில்.
டைக்காரர்களுக்குக் கோபம் வருகிறது.
வரட்டும்.

அவள் கை தானாக மூடிக்குப் போனது.
"என்ன இருக்கிறது, அம்மா?" என்றேன்.
"பால்," என்றாள்.
"போதும். முப்பது ஷில்லிங்."

எண்ணிக் கொடுத்தாள்.
சிரிக்கவில்லை.
அவள் விரல்கள் வழி முழுக்க
மூடியின் மேலேயே இருந்தன.