தாழப் பறப்பது

வெள்ளைப் பூச்சை உரித்தால்
வெயில் பட்ட தோல் போல நீளமாக வருகிறது.
டூசான் பாலைவனத்தில் இருபத்தொன்பது வருடம்
டயரில் காற்றில்லாமல் நின்றதை
இழுத்து வந்திருக்கிறார்கள்.
இரட்டை வால், இரண்டு விசிறி,
மூக்கில் எவனோ வரைந்த பல்வரிசை.
அதில் பாதியை மணல்காற்று தின்றுவிட்டது.
இடப்பக்க எஞ்சினுக்குள் குருவிக்கூடு,
கள்ளி முள்ளும் ஒரு மிட்டாய்க் காகிதமும் வைத்துக் கட்டியது.
ரமோனா எஸ்கலான்டே அதைக் கலைக்காமல் எடுத்து
போல்ட் டப்பாவில் வைத்தாள்.

ஜெட்டெல்லாம் இருக்க இது எதற்கு
என்று கேன்டீனில் கேட்டவனுக்கு
பொறியாளர் நீமன் கணக்குச் சொன்னார்:
ஒரு மணி நேரத்துக்கு இதற்கு இவ்வளவு டாலர், அதற்கு அவ்வளவு.
ரமோனாவிடம் வேறு கணக்கு இருந்தது.
அவள் தம்பி எலியாஸ் ஒரு மலையிடுக்கில்
ரேடியோவைக் காதோடு அழுத்திக்கொண்டு கிடந்தபோது
மேலே வந்த ஜெட்டிடம்
பதினோரு நிமிடத்துக்குத்தான் எரிபொருள் இருந்தது.
பன்னிரண்டாவது நிமிடத்தைப் பற்றி
அவன் இன்றுவரை பேசியதில்லை.
வெங்காயம் நறுக்கும்போது மட்டும்
சிலசமயம் கத்தி பாதியில் நின்றுவிடும்.

இது நாலு மணி நேரம் நிற்கும்.
நிற்கும் என்றுதான் சொல்கிறார்கள், வானத்தில்.

செவ்வாய்க்கிழமை வயிற்றுப் பக்கம்
உள்ளங்கை அகலத்தில் ஒரு ஒட்டுத் தகடு.
ரிவெட்டுகளைத் துளைத்தெடுத்தாள், பதினாறு.
உள்ளே பென்சிலில்: ‘பிப்ரவரி 68. மறுபடியும்.’
பக்கத்தில் ஓட்டை.
சுண்டுவிரல் நுனி போனது.
பீரங்கியல்ல, ஏவுகணையல்ல.
ஏதோ வரப்பில் முழங்காலை ஊன்றி
ஒருவன் துப்பாக்கியைத் தூக்கியிருக்கிறான்.
அவ்வளவு கிட்டத்தில்.
விமானி அவன் முகத்தைப் பார்த்திருப்பான்.
அவனும்.

புதுத் தகடு வெட்டி, விளிம்பை ராவி,
அறைந்து மூடினாள்.
பென்சில் எழுத்தை அழிக்கச் சொல்லி
வேலைத்தாளில் எதுவும் இல்லை.
அழிக்கவில்லை.

அக்டோபரில் சோதனைப் பறப்பு.
தகரக் கூரைமேல் தையல் மெஷின் ஓடுவது போல் சத்தம்.
விமானி லிண்ட்குவிஸ்ட் புதர்களுக்கு மேல்
ஒரு வட்டம் போட்டான், இன்னொரு வட்டம், பிறகும் ஒன்று.
அண்ணாந்தவர்களுக்குக் கழுத்து வலிக்குமளவு மெதுவாக.
படம் எடுத்து எலியாஸுக்கு அனுப்ப நினைத்திருந்தாள்.
போன் பையிலேயே கிடந்தது.

ரேடியோவில் சிரிப்பு:
“எல்லாம் தெரியுது. வேலிப் பக்கம் ஒரு நாய்.
நீமன் தொப்பியைத் திருப்பிப் போட்டிருக்கார்.
அந்தச் சிவப்புத் துணி யார் கையில?”

குனிந்து பார்த்தாள்.
கிரீஸ் துடைக்கிற துணி.
மற்றவர்கள் மேலே பார்த்துக் கையசைத்தார்கள்.
அவள் துணியைச் சுருட்டி
சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு
இறக்கையின் நிழல் தன்மேல் ஏறி
இறங்கிப் போகும்வரை
அசையாமல் நின்றாள்.