அரைப்பேர்

ஏழாம் நம்பர் மலையில் அன்று
கொழுந்து எடுக்கவில்லை, எடுப்பதுபோல் நின்றோம்.
நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று
மைக் பிடித்த பையன் நாலு தரம் சொன்னான்.
பழக்கம்தான் எங்களுக்கு.

பன்னிரண்டாவது படம். இதோடு முடிகிறதாம்.
முப்பத்திரண்டு வருசமாக அதே உளவாளி,
படத்துக்கு ஒரு கடவுச்சீட்டு, ஒரு பெயர்,
ஒரு பெயரிலும் பிடிபடாதவர்.
கிரிதரராஜுக்கு எழுபத்தொரு வயது.
மீசையில் மை. இடது முழங்காலில் தோல்பட்டை,
அதை மறைக்க அகலக் காற்சட்டை.
அட்டைக்கு, சப்பாத்துக்குள் உப்பு.

ரயிலிலிருந்து குதித்தது அவர் இல்லை.
பண்டாரவளையில் ஆட்டோ ஓட்டும் நிஷாந்தன்,
அதே கோட்டு, அதே தொப்பி;
எழும்பி, முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு
ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிடப் போனான்.
குதித்த பிறகு நடப்பது மட்டும் அவர் பங்கு.
சுடப்பட்ட ஆள், தேயிலைக்குள் நாற்பது அடி,
அப்புறம் மூடுபனி எடுத்துக்கொள்ளும்.

அப்புத்தளைப் பனி யார் சொல்லைக் கேட்டது?
அவர் நடந்தால் வெயில் அடித்தது,
நின்றால் மூடியது.
ஏழு தரம் நடந்தார்.
ஏழு தரமும் நாற்காலி பின்னால் ஓடி வந்தது,
உட்காரவில்லை.

எட்டாவது தரம் என் நிரைக்குள் வந்தார்.
முன்னால் கான்.
சொல்லலாம், ஆனால் நிமிரக் கூடாதே.
சறுக்கினார்,
என் கூடை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.
முழுப் பாரமும்.
நெற்றியில் கயிறு இறுகியது. குனிந்தபடியே
காலை ஊன்றி நின்றேன்,
பதினெட்டுக் கிலோவுக்கு நிற்கிறாற்போல.

மூன்று மூச்சு.
"பேர் என்னம்மா?" என்றார்,
உதடு அசையாமல்.
"இன்னும் போடல சார்" என்றேன்.

எங்கள் பக்கம் பேர் என்றால் நாள் சம்பளம்.
கிலோ குறைந்தால் அரைப்பேர்.
அவருக்கு அது எப்படிப் புரிந்ததோ,
சிரித்துவிட்டார்.
சாகப் போகிறவர் சிரிக்கக் கூடாது,
ஆனாலும் யாரும் கட் சொல்லவில்லை,
பனி வந்துவிட்டது.

படத்தை மகளின் போனில் பார்த்தேன்.
அந்த இடத்தில் கூடை தெரிகிறது, கை தெரிகிறது,
நான் படங்கும் முதுகுமாக.
எங்கள் பேச்சுக்கு மேல் வயலின்.
மரணத்தைப் பார்த்து என்ன சிரிப்பு என்று
லயத்தில் எல்லாருக்கும் கண் கலங்கியது.
கடைசியில் பெயர்கள் மேலே ஏறின,
ரயிலைத் துரத்திய நாய்க்குக்கூட ஒன்று இருந்தது.
ராக்கி.

அன்று சாயந்தரம் கணக்கப்பிள்ளை
தராசைத் தூக்கிக் காட்டினார்.
"கொழுந்து எங்கே, புஷ்பகாந்தி?"
அரைப்பேர்.
படக்காரர் கொடுத்தது தோட்டத்துக்கு,
அதை யாரிடம் கேட்பது.

எழுபது கிலோவாவது இருந்திருப்பார்.
நிறுக்கவில்லை.